அசோகருக்குச் சோழநாட்டை எழுதிக் கொடுத்தது யார்?

வரலாற்று வியூக விளையாட்டுகள் செய்பவர்களுக்கு, அதிலும் கம்ப்யூட்டர் எதிராளியின் புத்தியை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். மதுரை சிம்மக்கல்லிலிருந்து எழுதுகிறேன்.

2002-லிருந்து பதினோரு வருடம் இங்கே பிரௌசிங் சென்டர் நடத்தினேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் கால் மணி நேரம் தாங்கும் ஒரு யூபிஎஸ். பகலில் பரீட்சை ரிசல்ட் பார்க்கவும் அப்ளிகேஷன் போடவும் ஆள் வருவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கடை பையன்களுடையது. மணிக்கு இருபது ரூபாய், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, கம்ப்யூட்டர்களை ஒயரில் இணைத்து நாலு பேர் ஒரு பக்கம், 'சிஸ்டம்' ஒரு பக்கம். ஏஐ என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் தெருவுக்கு வரவில்லை. "அண்ணே, சிஸ்டம் யானைய ஏவி விடுதுண்ணே" என்று கத்துவார்கள். சிஸ்டத்துக்கு அந்த ஆட்டத்தில் ஏதோ ஒரு பழைய ராஜா பேர் இருக்கும். அதை எவனும் படித்ததில்லை. படிக்கத் தேவையும் இல்லை. பேர்தான் மாறும், அடிக்கிற அடி ஒன்றுதான்.

கடை போய்விட்டது, ஆட்டம் போகவில்லை. இப்போது கூட உட்கார்ந்து ஆடுவது என் அக்கா மகன். பிளஸ் ஒன் படிக்கிறான். போன கோடை லீவில் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவனை எழுப்பினான்.

"மாமா, இங்க வாங்களேன். அசோகர் சோழ ராசாவாயிட்டாரு."

"ஆட்டத்துல அப்படித்தான்டா மாப்ள, தூங்க விடு."

"இல்ல மாமா, நெசமாவே அசோகர் நம்மூரு வரைக்கும் ஆண்டாரா? பக்கத்துல ஏதோ குறி போட்டுருக்கான் பாருங்க, இதுதான் பொருத்தம்னு."

அந்தக் கேள்விக்கு எழுந்து உட்கார வேண்டியதாயிற்று. இந்த மடலும் அதனால்தான்.

அவன் ஆடிக்கொண்டிருந்தது சிவிலைசேஷன் 7. 2025 பிப்ரவரியில் வந்தது. இந்த ஆட்டத்தை அறியாதவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. இந்தத் தொடரில் 1991-ல் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே தலைவரும் நாடும் பெரும்பாலும் ஒன்றாக ஒட்டியே இருந்தார்கள். இந்தியா என்றால் காந்தி. ஏழாவதில் அந்த ஒட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆட்டம் மூன்று யுகங்களாக ஓடும். தலைவர் மூன்றிலும் ஒருவரே. நாகரிகம் மட்டும் யுகத்துக்கு ஒன்றாக மாறும். அகஸ்டஸை எடுத்தவன் ரோமில் தொடங்கி நார்மனாகலாம், அப்புறம் வேறெதுவாகவும் ஆகலாம். மனிதன் தன் இஷ்டத்துக்கு எடுப்பான். கம்ப்யூட்டர் எதிராளி, அந்தத் தலைவருக்கு வரலாற்றாலோ நிலத்தாலோ தொடர்பு உண்டு என்று நீங்கள் குறித்து வைத்த நாகரிகத்தைத்தான் முதலில் தேடும். அசோகருக்கு நீங்கள் குறித்து வைத்த வழி மௌரியர், சோழர், முகலாயர்.

மௌரியர் சரி. அவருடைய வீடு. முகலாயரைப் பற்றி வடக்கே யாராவது எழுதட்டும். நடுவில் இருக்கிற சோழர்தான் எனக்கு விக்கல்.

சோழநாடு தன்னுடையது என்று அசோகரே சொல்லிக்கொண்டதில்லை. சொல்லவில்லை என்பதோடு நிற்கவில்லை, தன்னுடையது அல்ல என்று பாறையில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய இரண்டாம் பாறைச் சாசனத்தில் எல்லைக்கு வெளியே இருக்கிறவர்கள் என்று ஒரு வரிசை வரும். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், அப்பால் தாமிரபர்ணி என்கிற இலங்கை. அங்கெல்லாம் மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறார். கலிங்கப் போரை நினைத்து வருந்தும் பதின்மூன்றாம் சாசனத்திலும் சோழ பாண்டியர் வருகிறார்கள், அங்கேயும் அண்டை நாட்டாராகத்தான். பக்கத்து வீட்டுக்காரன் காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்து அனுப்பினான் என்பதற்காக அவன் பேரில் நம் வீட்டுப் பத்திரத்தை எழுதுவார்களா?

அதே வரிசையில் வரும் சத்தியபுத்திரர் யார் என்று ஆராய்ச்சிக்காரர்கள் ரொம்ப நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு குகைக் கல்வெட்டு, 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று தமிழ்ப் பிராமியில் பேரைப் போட்டே சொல்லிவிட்டது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் குடும்பம்தான். அசோகருடைய எழுத்தர்கள் தெற்கே யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். 2,200 வருடத்துக்கு முன்னால் அவர்கள் பார்த்த எல்லைக்கோடு உங்கள் அட்டவணையில் அழிந்துவிட்டது.

இந்தப் பக்கத்துச் சாட்சியும் இருக்கிறது. அகநானூற்றின் 251-ஆம் பாட்டில் மாமூலனார் மோரியரை, அதாவது மௌரியரை, குறிப்பிடுகிறார். எப்படி? 'வம்ப மோரியர்' என்று. வம்ப என்றால் புதிதாக வந்தவர். மோகூர் பணியவில்லை, அதனால் அவர்கள் தேரோடு வந்தார்கள் என்று போகிறது பாட்டு. அந்த மோகூர், ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் காளமேகப் பெருமாள் இருக்கிற எங்கள் திருமோகூர்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆக வடக்கே பாறையும் அண்டை நாடு என்கிறது, தெற்கே பாட்டும் அயலான் என்கிறது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட விஷயத்தை உங்கள் அட்டவணை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

இது எப்படி நேர்ந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. இன்றைக்கு இருக்கிற இந்திய வரைபடத்தை விரித்து, அதற்குள் மூன்று யுகத்துக்கு மூன்று பேரைத் தேடி, ஒரே நூலில் கோத்திருக்கிறீர்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்துச் செய்த சம்பந்தம். பாடலிபுத்திரத்துக்கும் உறையூருக்கும் நடுவே எவ்வளவு தூரம், எத்தனை மொழி, எத்தனை காடு என்று அந்த வரைபடம் சொல்லாது.

சோழரைச் சேர்த்ததற்கு முதலில் நன்றி சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். அதுவும் ஏனோதானோவென்று சேர்க்கவில்லை. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று இரண்டு கட்டடம் வைத்து, இரண்டும் சேர்ந்தால் ஐந்நூற்றுவர் என்று ஆக்கியிருக்கிறீர்கள். மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் 849-லேயே இருக்கிற வணிகக் குழுக்கள். தாய்லாந்தில் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டிலும் மணிக்கிராமம் உண்டு. இங்கே பிளஸ் டூ வரலாறு படித்தவனிடம் கேட்டாலும் முழிப்பான். இவ்வளவு தூரம் தோண்டியவர்கள் தலைவர் விஷயத்தில் கோட்டை விட்டீர்களே என்பதுதான் ஆற்றாமை. நாடு இருக்கிறது, கப்பல் இருக்கிறது, தஞ்சைப் பெரிய கோயில் அதிசயக் கட்டடமாக இருக்கிறது. ஏற ஒரு ராஜராஜனோ ராஜேந்திரனோ இல்லை. ஆட்டம் வந்தபோது அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுத் தலைவர் ஒருவரும் கிடையாது. அசோகருக்கோ இரண்டு உருவம், உலகைத் துறந்தவர் ஒன்று, உலகை வென்றவர் ஒன்று. ஆக சோழருக்கு யாரைப் போட்டாலும் வேற்றாள்தான். வேற்றாள்தான் என்று ஆனபிறகு எந்த வேற்றாள் என்பதையாவது யோசித்திருக்கலாம்.

கலப்பே கூடாது என்று நான் கொடி பிடிக்க வரவில்லை. அப்படிப் பேசினால் மதுரைக்காரனே இல்லை. இந்த ஊரின் சிம்மாசனத்தில் ஏறியவர்கள் பாதிப்பேர் வெளியூர்.

மேலிருந்தே தொடங்குகிறேன். மலையத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் பிறந்த தடாதகை பட்டம் கட்டிக்கொண்டு திக்விஜயம் போகிறாள். எல்லோரையும் ஜெயித்துக் கைலாயம் வரை போய், அங்கே தோற்றுப்போகாமல் தோற்று, மாப்பிள்ளையோடு திரும்புகிறாள். அந்த மாப்பிள்ளையை எங்கள் ஊர் என்ன செய்தது? கைலாயத்துக்காரர் கைலாயத்துக்காரராகவே இருக்கட்டும் என்று விட்டதா? சுந்தர பாண்டியன் என்று பேர் வைத்துத்தான் அரியணையில் ஏற்றியது. பாம்பு, புலித்தோல், சாம்பல் எல்லாம் போய் வேப்பம்பூ மாலையும் மீன் கொடியும் வந்தன. சிவபெருமானுக்கே இந்த ஊரில் அதுதான் நிபந்தனை.

புராணம் என்று தள்ளுவீர்கள். சரி, கல்வெட்டுக்கு வருகிறேன். ராஜேந்திர சோழன் பாண்டிய நாட்டைப் பிடித்த பிறகு, 1018 வாக்கில், தன் மகனையே மதுரைக்கு ஆளப் போட்டான். சோழ இளவரசன் பாண்டிய நாட்டில். உங்கள் ஆட்டத்து மொழியில் சொன்னால் சோழத் தலைவர், பாண்டிய நாகரிகம். அவன் என்ன பேரில் ஆண்டான் தெரியுமா? சடையவர்மன் சுந்தர சோழ பாண்டியன். பாண்டியர்கள் சடையவர்மன், மாறவர்மன் என்று மாற்றி மாற்றிப் பட்டப்பேர் வைத்துக்கொள்வார்கள். சோழர்களுக்கு அதேபோல ராஜகேசரி, பரகேசரி. ஜெயித்து வந்தவனாக இருந்தும் அவன் கேசரிப் பட்டத்தைத் தஞ்சாவூரோடு விட்டுவிட்டுச் சடையவர்மன் ஆனான். சோழன் என்பதையும் விடவில்லை, பாண்டியன் என்பதையும் ஏற்றுக்கொண்டான். இரண்டு சொல்லில் முழு வரலாறும் அடங்கிவிட்டது. அந்தச் சோழ பாண்டியர் காலத்தில், அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் மன்னார்கோயிலில் சேர அரசன் ஒருவன் கோயில் கட்டி அதற்கு ராஜேந்திர சோழ விண்ணகரம் என்று பேர் வைத்தான். கட்டியவன் சேரன், பேர் சோழன் பேர், மண் பாண்டிய மண். இதைவிடக் குழப்பமான ஜோடியை எந்தக் கம்ப்யூட்டராலும் குலுக்கிப் போட முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. படையெடுப்பு, அடங்கிப்போதல், மரியாதை, கப்பம்.

திருமலை நாயக்கர் இன்னொரு கதை. விஜயநகரத்து வழி வந்த தெலுங்குக் குடும்பம். பிறப்பைப் பார்த்துச் சேர்க்கிற கம்ப்யூட்டர் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு விஜயநகரத்தில் போடும். மதுரையில் வந்து கேட்டுப் பாருங்கள். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்து வைத்தவர் அவர்தான் என்று பூக்கடை அம்மாகூடச் சொல்லும். 1623 முதல் 1659 வரை ஆண்ட அந்த மனிதரை இந்த ஊரிலிருந்து இனி யாரும் பிரிக்க முடியாது. ராணி மங்கம்மாளும் அப்படித்தான். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் அவர் பேரில் சத்திரம் இருக்கிறது, அசோகர் பேரில் அந்த வட்டாரத்தில் லாட்ஜ் இருந்தால் அதிகம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வேற்றாளைப் போடுங்கள், ஆனால் கொள்வினை கொடுப்பினை பார்த்துப் போடுங்கள். பெண் கொடுத்தானா, பெண் எடுத்தானா, அடித்தானா, அடி வாங்கினானா, வியாபாரத்துக்கு வந்தானா, பஞ்சம் பிழைக்க வந்தானா. ஏதாவது ஒரு ஒட்டு வேண்டும்.

அப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியலிலேயே ஒரு ஆள் இருக்கிறார், நீங்கள்தான் கவனிக்கவில்லை. இபன் பதூதா. மொராக்கோவில் பிறந்த அந்த ஊர்சுற்றியை ஏழாவது ஆட்டத்தில் தலைவராக்கியிருக்கிறீர்கள், அரசனாகாத ஒருவரைத் தலைவராக்கியதே நல்ல யோசனை. அவருக்கும் மதுரைக்கும் என்ன உறவு தெரியுமா? மருமகன் உறவு. மதுரையில் சுல்தான் ஆட்சியைத் தொடங்கிய ஜலாலுத்தீன் அஸன் கானின் மகளைத்தான் டெல்லியில் இருந்தபோது கட்டினார். பிறகு 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தபோது இங்கே ஆண்டுகொண்டிருந்த கியாசுத்தீன் தமகானி அவருக்குச் சகலை. சகலை செய்த கொடுமைகளைப் பார்த்து மனம் வெறுத்து அதையும் எழுதி வைத்திருக்கிறார், உறவு என்று மூடி மறைக்கவில்லை. மதுரையில் அப்போது கொள்ளைநோய். அவருக்கும் காய்ச்சல் வந்தது. இந்த ஊரில் நிறையக் கிடைக்கிறதே என்று புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிற்றால் போய், பிழைத்து எழுந்ததாக அவரே சொல்கிறார். சோழர் அதற்கு முன்னாலேயே, 1279-ஓடு முடிந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். காலக்கணக்கை நீங்கள் என்றைக்குப் பார்த்தீர்கள், உங்கள் ஆட்டத்தில் கி.மு.விலேயே நெப்போலியன் நிற்கிறார். ஒட்டு என்று பார்த்தால், பாறையில் எல்லைக்கு வெளியே என்று எழுதியவரைவிட, எங்கள் புளியைக் குடித்து உயிர் பிழைத்தவர் எங்களுக்கு நெருக்கம்.

உங்களுக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. ஆறாவது ஆட்டத்தில் எலினோர் அரசியை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பொதுவாக வைத்தீர்கள். இரண்டு நாட்டு அரசருக்கும் ஒருவர் பின் ஒருவராக வாழ்க்கைப்பட்டவர், பொருந்தியது. குப்லாய் கானை மங்கோலியாவுக்கும் சீனாவுக்கும் வைத்தீர்கள். ஜெயித்தவர், ஜெயித்த நாட்டின் முறைப்படி வம்சப்பேர் வைத்துக்கொண்டு ஆண்டவர், அதுவும் பொருந்தியது. ஒன்று கல்யாணம், ஒன்று படையெடுப்பு. அங்கே பார்த்த பொருத்தத்தை இங்கே ஏன் பார்க்கவில்லை?

காரணமே இல்லாத ஜோடியைக்கூட நான் மன்னித்துவிடுவேன், அதை அப்படியே ஒப்புக்கொண்டால். நாலாவது ஆட்டத்துக்கு 2007-ல் வந்த விரிவாக்கத்தில் ஒரு தேர்வு இருந்தது. அதைப் போட்டுவிட்டால் எந்தத் தலைவரும் எந்த நாட்டுக்கும் வருவார். கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். தலைவரின் குணம் தலைவரோடு போகும், படையும் ஊர்ப்பேரும் நாட்டோடு நிற்கும். அஸ்டெக்கு அரசர் மாண்டெசுமா டெல்லியில் உட்கார்ந்துகொண்டு பல்லைக் கடிப்பார். காந்திக்கு அஸ்டெக்கு நாட்டின் ஜாகுவார் வீரர்கள் கிடைப்பார்கள், என்ன செய்வதென்று தெரியாமல் மனிதர் கோயில் கட்டிக்கொண்டிருப்பார். என் கடைப் பையன்களில் நாலைந்து பேர் இதற்காகவே அந்த ஆட்டத்தைப் போடச் சொல்வார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் ஒருத்தன்கூட "நெசமாவாண்ணே?" என்று கேட்டதில்லை. கூத்து என்று தெரிந்த கூத்து யாரையும் ஏமாற்றாது. இப்போது நீங்கள் செய்வது அப்படி இல்லை. பாதி வரலாறு, பாதி கூத்து, கூத்தின் மேல் 'இதுதான் வரலாற்றுப் பொருத்தம்' என்று ஒரு குறி. பிளஸ் ஒன் படிக்கிறவன் அந்தக் குறியைத்தான் நம்பினான்.

காந்தி என்றதும் அணுகுண்டு ஞாபகம் வராமல் இருக்காது. முதல் ஆட்டத்தில் கணக்குத் தவறால் காந்தி அணுகுண்டு வெறியரானார் என்று ஊரெல்லாம் நம்பிய கதை. அப்படி ஒரு தவறே நடக்கவில்லை என்று அந்த முதல் ஆட்டத்தைச் செய்த சிட் மெயர் 2020-ல் தன் நினைவுக் குறிப்பில் சொல்லிவிட்டார். ஆனால் ஐந்தாவது ஆட்டத்தில் அதை வேடிக்கைக்காக வேண்டுமென்றே வைத்தார்கள், அதுவும் உண்மை. விளையாட்டில் ஒருமுறை ஒட்டிய பொய் உரிக்க உரிக்கப் போகாது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். அசோகச் சோழன் அப்படி நிலைத்துவிடக் கூடாதே என்றுதான் பதறுகிறேன்.

ஆட்டமாகப் பார்த்தாலும் இதில் நஷ்டம் இருக்கிறது. கம்ப்யூட்டர் எதிராளி இரண்டு இடத்திலிருந்து புத்தி வாங்குகிறது. எதை விரும்புவார், எதைக் கண்டால் கோபப்படுவார் என்பது தலைவரிடமிருந்து வருகிறது. எதில் பலம் என்பது நாகரிகத்திலிருந்து. இரண்டும் ஒரே திசையில் இழுத்தால் எதிராளி பயமுறுத்தும். எதிர்த் திசையில் இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கடல் வணிகத்துக்கென்றே செய்த நாகரிகத்தை எடுத்துக்கொண்டு, உள்நாட்டில் ஊர் ஊராக நிரப்பிக்கொண்டு, கரையை எட்டிப் பார்க்காத எதிராளிகளை இது போன்ற ஆட்டங்களில் எத்தனையோ பார்த்துவிட்டேன். கப்பல் பலம் கொட்டிக் கிடக்கும், துறைமுகத்தில் ஒரு ஓடம் இருக்காது. 1025-ல் ஸ்ரீவிஜயம் வரை போன கூட்டத்தின் பேரை வைத்துக்கொண்டு குளத்தில் காகிதக் கப்பல் விடுவதைப் பார்க்க எரிச்சலாக வரும்.

என்ன செய்யலாம் என்று மருமகனும் நானும் இரண்டு மூன்று நாள் பேசினோம். அவன் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் பழகுகிறான், எனக்குத் தெரிந்தது 'பேசிக்' என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழி மட்டும். எங்களுக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

பகையையும் உறவாகக் கணக்கில் எடுங்கள். இப்போது தனக்குக் குறித்த நாகரிகத்தை இன்னொருவர் முந்திக்கொண்டு எடுத்துவிட்டால் எதிராளி அடுத்ததற்குத் தாவும்போதுதான் ஜோடி கோணலாகிறது. ஒருவர் எடுத்ததை இன்னொருவர் எடுக்க முடியாது என்கிற விதி ஹ்யூமன்கைண்ட் என்கிற இன்னொரு ஆட்டத்திலும் உண்டு, அங்கேயும் இதே தள்ளுமுள்ளுதான். அப்படித் தாவும்போது பங்காளி நாட்டுக்குத் தாவட்டும். சோழர் போய்விட்டால் பாண்டியர், பாண்டியர் போய்விட்டால் சேரர் அல்லது ஈழம். 'மதுரை கொண்ட' என்று பராந்தக சோழன் பட்டம் போட்டுக்கொண்டதும், 1216-இல் ஆட்சிக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்துவிட்டுச் சோழனுக்கே நாட்டைத் திருப்பிக் கொடுத்து 'சோணாடு வழங்கிய' என்று பேர் வாங்கியதும் பங்காளிச் சண்டை இல்லாமல் என்ன? அந்த எரிப்பிலும் ஒரு பதினாறு கால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்தான். பட்டினப்பாலை பாடிய புலவனுக்குக் கரிகாலன் கொடுத்த மண்டபம் என்பதால். தலைநகரைப் பிடித்து, எரித்து, புலவன் மண்டபத்தை விட்டுவிட்டு, நாட்டையும் திருப்பிக் கொடுக்கிற ஒரு கம்ப்யூட்டர் எதிராளியை எழுதிக் காட்டுங்கள், முழு விலை கொடுத்து வாங்குகிறேன். தள்ளுபடிக்குக் காத்திருக்க மாட்டேன்.

(ஆமாம், பாண்டியரைச் சேருங்கள் என்றுதான் இடுக்கில் நுழைக்கிறேன். மெகஸ்தனிஸ் காதுக்கே எட்டிய நாடு அது, ஒரு பெண் ஆண்டதாகக் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறான். அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளைச் சொல்லும்போது பாண்டிய கவாடத்து முத்து என்கிறது. வேண்டுகோளை மறைத்து என்ன ஆகப்போகிறது.)

அடுத்தது செலவே இல்லாத வேலை. வேற்றாள் ஒரு நாகரிகத்துக்கு வந்தால் பட்டப்பேரை மாற்றுங்கள். அசோகர்தான் சோழருக்கு வந்தாக வேண்டும் என்றால் வரட்டும், 'பரகேசரி அசோகன்' என்று வரட்டும். முகத்துக்குக் கீழே அந்த ஒரு சொல் இருந்தால், இவர் வெளியிலிருந்து வந்து இந்த நாட்டு முறையை ஏற்றுக்கொண்டவர் என்று ஆடுகிறவனுக்குத் தெரிந்துவிடும். மருமகன் அந்தக் கேள்வியைக் கேட்டே இருக்க மாட்டான். ஒவ்வொரு நாகரிகத்துக்கும் பட்டப்பேர் வரிசை ஒன்று, அவ்வளவுதான். எகிப்தில் பாரோ, சீனத்தில் வேறு, உங்களுக்குத் தெரியாததா.

மூன்றாவது மருமகனின் யோசனை, எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான், இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு நாட்டுக்கு இரண்டு தலைவர் இருந்து முறை வைத்து ஆண்டால் என்ன என்கிறான். எங்கள் ஊரில் அது வருடா வருடம் நடக்கிறது. சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், செங்கோல் அம்மன் கையில். ஆவணியில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம், அப்போது கை மாறும். நாலு மாதம் அம்மன் ஆட்சி, எட்டு மாதம் சுவாமி ஆட்சி. கம்ப்யூட்டர் எதிராளி அப்படி நடுவில் ஆள் மாறினால், நேற்று வரை சமாதானம் பேசியவர் இன்றைக்குத் திக்விஜயம் கிளம்பினால், பக்கத்து நாட்டில் ஆடுகிறவனுக்கு எப்படியிருக்கும்? 1996-ல் வந்த இரண்டாவது ஆட்டத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என்று இரண்டு தலைவர் பேர் வைத்திருந்தீர்கள். இந்தியாவுக்குக் காந்தியும் இந்திரா காந்தியும். ஒன்றைத்தான் எடுக்க முடியும். முறை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கெஞ்சினால் நடக்காது என்றும் நான் நினைக்கவில்லை. என் கடையில் ஓடிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ல் வந்தபோது அதில் நம் பக்கத்து ஆளே கிடையாது. 2013-ல் 'இந்தியர்' என்று மொத்தமாக ஒரு மூட்டை கட்டிச் சேர்த்தார்கள். 2022-ல் அந்த மூட்டையைப் பிரித்து இந்துஸ்தானி, வங்காளர், கூர்ஜரர், திராவிடர் என்று ஆக்கினார்கள். ராஜேந்திரன் பேரில் ஒரு தனிக் கதையோட்டம் வந்தது, உருமி என்கிற சுருள்வாளை வீசுகிறவன் வந்தான். திராவிடர் படையாளைத் தட்டினால் தமிழில் பதில் சொல்கிறான். முதல் தடவை அதைக் கேட்டபோது, கடையில் உட்கார்ந்து கத்திய பையன்களில் துபாயில் இருக்கிற ஒருவனுக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சிஸ்டம் தமிழ் பேசுதாண்ணே?"

எங்கள் பக்கத்து யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் மதுரைக்கு வந்து பார்த்துச் சிரிப்பீர்கள். தலைவரையும் நாட்டையும் கண்டபடி ஜோடி சேர்ப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. கோரிப்பாளையத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தால் போதும். ஃப்ளெக்ஸ் போர்டில் வட்டச் செயலாளர் பாண்டிய மன்னனாகக் குதிரையில் இருப்பார். காதுகுத்துக்கு வந்திருக்கும் தாய்மாமன் சேரன். பிறந்தநாள் கொண்டாடும் தலைவர் கழுத்துக்குக் கீழே ராஜராஜன், மேலே கூலிங் கிளாஸ். எந்த அட்டவணையைப் பார்த்து இந்த ஜோடியைச் சேர்க்கிறார்கள் என்று பிரிண்டிங் கடைக்காரருக்கும் தெரியாது. ஆனால் அதைப் பார்த்து எந்தப் பையனும் மாமாவை எழுப்பிக் கேள்வி கேட்டதில்லை. போர்டின் ஓரத்தில் செலவு செய்தவர்களின் பேரும் ஸ்டாம்பு சைஸ் முகமும் வரிசையாக இருக்கும், யார் எதற்காகச் சேர்த்தார்கள் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

அன்றைக்கு மருமகனுக்கு நான் பாறைச் சாசனத்தையும் மாமூலனாரையும் சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவன் ஒன்றும் பேசவில்லை. அசோகச் சோழனின் எல்லையை ஒட்டி அவனுக்கு ஒரு சின்ன ஊர் இருந்தது, ஏதோ ரோமானியப் பேர். அதை அழித்துவிட்டு 'மோகூர்' என்று பேர் வைத்தான். சுற்றி மதில் கட்டத் தொடங்கினான். இரண்டு சுற்றுக்குள் அசோகரிடமிருந்து தூது வந்தது, எல்லையைத் திறந்துவிடச் சொல்லி. அவன் அதை இன்னும் திறந்து பார்க்காமலே வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
சிம்மக்கல்லில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தவன்
மதுரை